பண்டிதர் அயோத்திதாசரும் ஏழைகளின் இலவசப் பள்ளியும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பெருமகனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பணிக்கப்பெற்றபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் நெடிது எண்ண வேண்டியிருக்கவில்லை. மேச்சேரி வட்டாரத்தில் நம் பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் இன்று எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே அது. அரசுப் பள்ளியிலா, ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலா, அன்றிக் கட்டணம் வாங்கும் தனியார் தொடக்க, நடுநிலைப் பள்ளியிலா? இக்கேள்வி புதியதன்று. அரசும் சேராத, கோயிலும் சேராத தனிப் பள்ளி ஒன்று நம் மக்களுக்காகச் சென்னைப் பட்டினத்தில் எழுந்த நாளிலேயே இது பிறந்துவிட்டது. அப்பள்ளியின் தோற்றத்திற்குக் காரணராய் நின்றவர்களுள் தலையாயவர் க. அயோத்திதாசப் பண்டிதர். பௌத்தம் பரப்பியவர், இதழாசிரியர், சித்த மருத்துவர் என்று அவரைப் பற்றி நம் இளைஞர்கள் ஓரளவு கேட்டிருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக்காக அவர் பட்ட பாட்டினைக் கேட்டிருப்போர் குறைவு. ஆதலின் ஈண்டு அதனையே சற்று விரித்துரைக்கின்றோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். அக்கந்தப்பனார் தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைத் தம் துரையின் வழியாக எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தார் என்பது பண்டிதரே எழுதி வைத்துள்ள செய்தி. சமையற்கட்டில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் வள்ளுவர் ஏடு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும். எழுத்து நமக்கு நேற்று வந்த பொருளன்று.

இளமையில் காத்தவராயனுக்குக் கல்வி புகட்டிய ஆசான் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பவர். ஆசான் மீது கொண்ட பேரன்பினால் மாணவர் தம் பெயரை நீக்கி ஆசான் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். தமிழும் சித்த மருத்துவமும் வழிவழியாகக் கிடைத்தன. ஆங்கிலமும் வடமொழியும் பாலியும் அவர் முயன்று தேடிக்கொண்டவை. இத்தனையும் நிறைந்த ஒருவரை உருவாக்கியது பெரிய கட்டடமன்று, ஒரு நல்லாசிரியர். பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் சுவரின் வண்ணத்தையும் வாயிலில் நிற்கும் வேனையும் பார்த்துத் திரும்பி விடுகின்றனர். யார் கற்பிக்கிறார், என்ன படித்தவர், ஆண்டின் நடுவில் விட்டுப் போகாமல் நிலைத்திருப்பவரா என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

பின்னர்ப் பண்டிதர் நீலகிரியில் வாழ்ந்தார். தேயிலை, காப்பித் தோட்டங்களில் பாடுபட வந்த நம் மக்களிடையே அவர் பொதுப்பணி தொடங்கிற்று. 1870ஆம் ஆண்டில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1885இல் ஜான் ரத்தினம் அவர்களுடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபை தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் கூடிய அச்சபையின் மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. அவற்றுள் கல்வியைப் பற்றியது நம் கருத்தை ஈர்க்கிறது. நம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் வேண்டும், அவற்றில் நம் சமூகத்தவரையே ஆசிரியராக அமர்த்த வேண்டும், மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை வேண்டும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். பள்ளி வேண்டும் என்று கேட்டதோடு நில்லாமல், அப்பள்ளியில் யார் நின்று பாடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டனர். பிரம்பை நீட்டித் தொலைவில் நின்று பாடம் சொல்பவரிடம் பிள்ளை என்ன கற்கும் என்பது அவர்கள் பட்டறிவு.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னையில் மகாஜன சபையின் கூட்டம் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் சென்றிருந்தார். சபையில் இருந்தோர் மாகாணத்தின் கற்றோரும் செல்வரும். நம் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் விட வேண்டும் என்று அவர் எழுந்து கேட்டார். சபையில் பெருங்கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர், உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி முதலிய தெய்வங்கள் உள்ளனவே, இத்தெய்வங்கள் உங்களுக்கு எதற்கு என்னும் பொருள்படப் பேசினார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் அப்பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார். விட்டு உட்கார்ந்துவிடவில்லை. நம் மக்கள் வாழும் இடங்களில் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி தர வேண்டும், பயனின்றிக் கிடக்கும் புறம்போக்கு நிலங்களை அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்று உடனே கேட்டார். கோயிற் கதவைச் சாத்தியவர்களால் இதற்கு மறுப்புச் சொல்ல இயலவில்லை. இக்கோரிக்கைகளை அரசுக்கு அனுப்பச் சபை இசைந்தது. மறுக்கப்பட்டதற்காக அழுது நிற்காமல், மறுக்க முடியாததை அப்போதே கேட்டுப் பெற்ற அக்கூர்மையை எண்ணி எண்ணி நாம் வியந்ததுண்டு.

அக்காலத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்துக் கலெக்டராயிருந்த திரமென்கீர் என்பவர் நம் மக்களின் நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் கல்வியின்மையையும் ஆராய்ந்து அரசுக்கு நீண்ட அறிக்கை எழுதிய காலம் அது. 1893இல் அரசு நம் மக்கள் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. ஆயினும் ஆணை தாளில் இருந்தது. ஊர்ப் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயில் மண்டபத்திலோ இருந்தது. அங்கே நம் பிள்ளை நடந்து செல்லவே வழியில்லை. மிஷன் பள்ளிகள் இருந்தன. அவை செய்த நன்மை பெரிது. ஆனால் மதம் மாற விரும்பாத குடும்பங்கள் அங்கே தயங்கி நின்றன. அரசின் கதவு பாதி திறந்தும் ஊரின் கதவு முழுதும் அடைத்தும் இருந்த நிலையில்தான் தனிப் பள்ளி என்னும் எண்ணம் உருக்கொண்டது.

கர்னல் ஆல்காட் அமெரிக்காவில் 1832இல் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வடபுலத்தார் பக்கம் பணியாற்றியவர். 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற பிரம்மஞான சபையின் தலைவர். 1882 முதல் அச்சபை சென்னை அடையாற்றில் நிலைகொண்டது. இலங்கையில் பௌத்தப் பிள்ளைகளுக்கென மக்களிடம் நிதி திரட்டிப் பள்ளிகள் அமைத்த பட்டறிவு அவருக்கு இருந்தது. கொழும்பில் இன்று ஆனந்தா கல்லூரி எனப் பெயர் பெற்று விளங்குவது அவ்வாறு 1886இல் தொடங்கிய பள்ளியே. அவரைப் பண்டிதர் அணுகினார். அதன் பயனாக 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கிற்று. பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பெற்றது. வெள்ளைக்காரத் துரை மனமிரங்கிப் பள்ளி தந்தார் என்று சிலர் எழுதுவது பாதி உண்மையே. கேட்டவர் இருந்தமையால் தந்தவர் தந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் மகாஜன சபையில் வைத்த கோரிக்கைதான் ஊரூரில் கூரையாய் எழுந்தது.

அப்பள்ளியில் என்ன நடந்தது என்பதைப் பெற்றோர் அறிவது நன்று. கட்டணம் இல்லை. மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரும் ஆண்டுகள் சில என்பதை உணர்ந்து, அச்சில ஆண்டுகளில் எது பயன்படுமோ அதனையே கற்பித்தனர். தமிழ் எழுதப் படிக்க, கணக்குப் போட, ஓரளவு ஆங்கிலம் பேச, கைவேலை செய்ய என்பதாகப் பாடம் அமைந்தது. அமெரிக்கப் பெண்மணியாகிய சாரா பாமர் முதலியோர் மேற்பார்வை செய்த காலத்தில், விளையாட்டும் பொருள்களும் கொண்டு கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறை புகுத்தப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அரிதாயிருந்த அம்முறை, சேரிப் பிள்ளைகளுக்கு வாய்த்தது. நம் வட்டாரத்தில் மூன்று வயதுக் குழந்தையின் கையில் நோட்டைத் திணித்து வீட்டுப் பாடம் எழுதச் சொல்வதைச் சிறந்த பள்ளியின் அடையாளமாகக் கருதும் பெற்றோர் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

குறையும் இருந்தது. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மேலே படிக்க விரும்பிய பிள்ளைக்கு அதன் பின் வழி குறுகியது. பெயரிலும் ஒரு குறை ஒட்டிக்கொண்டது. பஞ்சமர் பள்ளி என்று அவற்றை அழைத்தனர். பஞ்சமர் என்னும் சொல்லே பிறர் நம் மீது சுமத்திய புனைவு என்று பண்டிதர் ஓயாது மறுத்து வந்தார். பள்ளிப் பலகையில் எழுதிய பெயரைப் பிள்ளை ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டே உள்ளே நுழைகிறது. அது இழிவைச் சொல்லுமானால் உள்ளே கற்கும் பாடத்தில் பாதி வாயிலிலேயே கழிந்துவிடும்.

1898ஆம் ஆண்டு ஆல்காட்டுடன் பண்டிதர் இலங்கை சென்றார். உடன் சென்றவர் இப்பள்ளி ஆசிரியராகிய பி. கிருஷ்ணசாமியார். கொழும்பில் சுமங்கல மகாதேரர் முன்னிலையில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினர். பௌத்தப் பணி பற்றி வேறு அன்பர்கள் விரிவாக எழுதியுள்ளமையால் இங்கு இவ்வளவில் நிறுத்துகிறோம். பள்ளி ஆசிரியர் ஒருவர் சமூகத்தின் பெரும் மாற்றத்தில் முன்வரிசையில் நின்றார் என்பது மட்டும் இங்கு குறிக்கத்தக்கது.

இராயப்பேட்டையில் பண்டிதர் மருத்துவமும் பார்த்து வந்தார். சிறு வயதில் கால் முடங்கிப்போன சிறுவன் ஒருவனை அவர் மருந்து நடக்கச் செய்தது. அச்சிறுவனே பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பெற்ற திரு. வி. கலியாணசுந்தரனார். இதனைத் திரு. வி. க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

1907ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆல்காட் மறைந்தார். தனிப் பள்ளியின் மெய்யான சோதனை அதன் பின்னரே வந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் சபையின் தலைவரானார். 1909இல் இந்தியன் ரிவ்யூ என்னும் ஆங்கில இதழில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நம் பிள்ளைகள் உணவாலும் பழக்கத்தாலும் தலைமுறை தலைமுறையாகத் தூய்மையற்றவராகி விட்டனர் என்றும், அவர்களைத் தூய வீட்டுப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் இருத்துதல் தகாது என்றும், முதலில் தனியே வைத்துத் தூய்மை கற்பிக்க வேண்டும் என்றும் அக்கட்டுரையின் கருத்து சென்றது. பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் இக்கட்டுரையைத் தம் நூலில் எடுத்துக்காட்டி உலகறியச் செய்தார். நம் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய சபையின் தலைவரே இவ்வாறு எழுதினார் என்பதை எண்ணும்போது மனம் நோகிறது. ஆல்காட் தனிப் பள்ளி வைத்ததற்குக் காரணம் பொதுப் பள்ளி நம்மை ஏற்காமை. அம்மையாரின் கட்டுரையிலோ நாம் பொதுப் பள்ளிக்குத் தகாமையே காரணமாயிற்று. கூரையும் பலகையும் பழையனவே. அவற்றின் பொருள் பதினைந்தாண்டுகளுக்குள் மாறிப்போயிற்று.

பெற்றோர் அறிய வேண்டியதில் முதன்மையானது இதுவே என்பது நம் துணிபு. தனியார் பள்ளி என்பது நடத்துபவரின் மனத்தைப் பொறுத்தது. நடத்துபவர் மாறினால் பள்ளி மாறும். அதனைக் கேட்கும் உரிமை பெற்றோர்க்கு எவ்வளவு உண்டு என்பதைச் சேர்க்கும் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தாக வேண்டும். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருப்பர், பாதிப் பேர் பெண்களாக இருப்பர். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இக்கட்டாயம் இல்லை. கட்டணம் கட்டும் பெற்றோரின் குரல், கட்டணம் கட்டாத பெற்றோரின் குரலைவிட அங்கே குறைவு என்பதைப் பலரும் அறியார். ஆயினும் அதே சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் எல்லாப் பள்ளிகளிலும் தடை செய்கிறது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது. ஆதலின் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், எட்டாம் வகுப்பு வரை உண்டா ஐந்தோடு நிற்குமா என்று கேளுங்கள், ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையைத் தனி வரிசையில் அமர்த்துகிறார்களா என்று ஒரு நாள் உள்ளே சென்று பாருங்கள். பெருக்கவும் கழுவவும் நம் பிள்ளைகளையே ஏவுகிறார்களா என்பதையும் பிள்ளையிடம் பக்குவமாக விசாரியுங்கள். இது தனியார் பள்ளிக்கு மட்டுமன்று, எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

பண்டிதர் வாழ்வுக்குத் திரும்புவோம். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழை அவர் தொடங்கினார். ஏழை வாங்கட்டும் என்று ஒரு பைசா விலை வைத்தார். அடுத்த ஆண்டு தமிழன் என்று பெயர் சுருங்கியது. இறக்கும் வரை அதனை நடத்தினார். வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்னும் நான்கினையும் அவ்விதழில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். வித்தை என்பதில் ஏட்டுக் கல்வியோடு உழவும் கைத்தொழிலும் வாணிபமும் அடங்கும். படித்து உத்தியோகம் ஒன்றையே எதிர்பார்த்திருப்பதை அவர் கல்வியின் முடிவாகக் கொள்ளவில்லை. பெண் கல்வியையும் வற்புறுத்தினார்.

தமிழன் இதழ் சென்னையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலில் அதற்குப் பெருந்திரளான வாசகர் இருந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் நம் பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கச் சென்று சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. படித்தவர் ஒருவர் வாசிக்கப் படிக்காதவர் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. நிலத்தடியில் பாடுபட்டவர்கள் தம் கூலியிலிருந்து இதழுக்கும் சங்கத்துக்கும் கொடுத்தார்கள். நம் பகுதியில் இன்றும் கடலைக்காய் பறிப்பு நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், செங்கல் சூளைக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்வதும், ஆடு மேய்க்க ஆளில்லை என்று பெண் பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்துவதும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வறுமை அதற்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. தங்கவயலிலும் வறுமை இருந்தது.

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் மறைந்தார். அவர் எழுத்துகளைத் தொகுத்து நூல்களாக அச்சிட்டவர்கள் சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலையார், அதே தங்கவயல் மக்கள். 1920இல் சென்னை மாநகராட்சி முதன்முதலாக மதிய உணவு தந்த பள்ளி, நம் மக்கள் நிறைந்து வாழ்ந்த ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

ஊரூரில் தொடங்கிய பள்ளி அழிந்துவிடவில்லை. ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரில், சென்னை பெசன்ட் நகரில், மேல்நிலை வகுப்பு வரை வளர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்றும் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறது. சென்னைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் கடற்கரையைப் பார்த்துத் திரும்பும் வழியில் அப்பள்ளி வாயிலையும் ஒருமுறை பார்த்து வரலாம்.